சிக்கற் சேர்வைகள் சிக்கலானவைதானா?

சென்ற வருடம் முழுவதும் என் அலுமாரிக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. செம்பு: நீருடன் இளநீலம், அமோனியாவுடன் கடும் நீலம், குளோரைட்டுடன் மஞ்சள். கோபாற்று: நீருடன் இளஞ்சிவப்பு, குளோரைட்டுடன் நீலம். நிக்கல்: நீருடன் பச்சை, அமோனியாவுடன் நீலம். உம்மும்மா ஒரு நாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை முழுவதும் வாசித்தார். "இதென்ன மகள், பெருநாளைக்குத் தைக்கக் கொடுக்கிற துணியா?" என்று கேட்டார். வீடே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மறுநாள் தவணைப் பரீட்சை.

அந்தப் பரீட்சையில் கோபாற்றின் நிறத்தை நிக்கலுக்கும் நிக்கலின் நிறத்தைக் கோபாற்றுக்கும் எழுதிவிட்டு வந்தேன். இரசாயனவியலுக்கு எனக்குக் கிடைத்த புள்ளி 34. உயிரியல் பிரிவை விட்டுக் கலைப்பிரிவுக்கு மாறிவிடலாமா என்று வாப்பாவிடம் கேட்கும் அளவுக்கு மனம் உடைந்து போனது.

இத்தனைக்கும் நான் படிக்காமல் இருக்கவில்லை. பாடசாலை விட்டதும் வகுப்பு, வகுப்பு விட்டதும் ரியூட், ரியூட் முடிந்ததும் கடந்தகால வினாத்தாள் என்றுதான் நாட்கள் போயின. ஒரு வகுப்பில் துணிந்து எழுந்து, "சேர், அமோனியா சேர்த்தவுடன் ஏன் நிறம் மாறுகிறது?" என்று கேட்டேன். "அது பரீட்சைக்கு வராது. பாடமாக்குங்கோ, புள்ளி வரும்" என்று பதில் வந்தது. நூறு பேருக்கு மேல் இருந்த வகுப்பு. நான் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணம் அந்த "பாடமாக்குங்கோ" என்ற சொல்தான். உயர்தர இரசாயனவியலில் மாணவிகள் பலரும் பயப்படும் பகுதி, தாண்டல் மூலகங்களும் அவற்றின் சிக்கற் சேர்வைகளும். விளங்காமல் பாடமாக்குவதால்தான் அந்தப் பயம் வருகிறது என்பது என் கருத்து. விளங்கிக்கொண்டால் பயம் போகும். அதோடு, பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நம் வீட்டுக்கும் உடம்புக்கும் அந்தப் பாடம் உதவும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். இலங்கையில் நாம் இதைச் "சிக்கற் சேர்வை" என்கிறோம். நூல் சிக்கினாலும் சிக்கல், பணமில்லாவிட்டாலும் சிக்கல். அந்தச் சொல்லைத் தலைப்பில் பார்த்ததுமே மனம் பின்வாங்குகிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வகுப்புக்கு வரும் தோழி ஒருத்தி, சென்னையிலிருந்து வந்த உறவினர் கொடுத்த பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தை ஒருநாள் கொண்டுவந்து காட்டினாள். அதில் அதே பாடத்துக்கு "அணைவுச் சேர்மங்கள்" என்று பெயர். நாம் "இணையி" என்று எழுதுவதை அவர்கள் "ஈனி" என்கிறார்கள். அணைவு என்றால் அணைத்துக்கொள்வது. அந்த ஒரு சொல் எனக்குப் பாதிப் பாடத்தைச் சொல்லித் தந்துவிட்டது. நடுவில் ஓர் உலோக அயன். அதைச் சுற்றிச் சில மூலக்கூறுகளோ அயன்களோ நின்று அணைத்துக்கொண்டிருக்கின்றன. அணைப்பவர்களிடம் பகிர்ந்துகொள்ள ஒரு தனிச்சோடி இலத்திரன் இருக்கிறது. உலோகத்திடம் அதை ஏற்றுக்கொள்ள இடம் இருக்கிறது. கொடுப்பவரும் ஏற்பவரும் சேர்ந்தால் ஈதற் பிணைப்பு. இவ்வளவுதான்.

நம் சொல்லைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. தமிழில் இரசாயனம் படிப்பதற்கு நம் மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. மானிப்பாயில் மருத்துவராக இருந்த சாமுவேல் கிறீன் 1875ஆம் ஆண்டிலேயே "கெமிஸ்தம்" என்ற தமிழ் நூலை வெளிக்கொண்டு வந்தவர். அன்று முதல் எத்தனையோ பேர் பாடுபட்டு ஆக்கித் தந்த சொற்களில்தான் இன்று நாம் எழுதுகிறோம். அந்தச் சொற்களை வாயால் ஒப்புவித்துவிட்டுப் போகாமல், உள்ளே இருக்கும் பொருளைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

"சிக்கல்" என்ற பெயரிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நூற்று முப்பது வருடங்களுக்கு முன்பு பெரிய விஞ்ஞானிகளுக்கே இது சிக்கலாகத்தான் இருந்தது. கோபாற்றுக் குளோரைட்டுடன் அமோனியா சேர்ந்து பல நிறங்களில் பளிங்குகளைத் தந்தது. ஒன்றில் ஆறு அமோனியா; அது மஞ்சள். ஒன்றில் ஐந்து; அது ஊதாச் சிவப்பு. ஒன்றில் நான்கு, அது பச்சை. மூன்றிலும் ஒரு கோபாற்றுக்கு மூன்று குளோரீன் இருந்தது. ஆனால் அவற்றைக் கரைத்து வெள்ளி நைத்திரேற்றுச் சேர்த்தபோது விந்தையான ஒன்று நடந்தது. மஞ்சளில் மூன்று குளோரைட்டும் வெண்ணிற வீழ்படிவாக விழுந்தன. ஊதாச் சிவப்பில் இரண்டுதான் விழுந்தன. பச்சையில் ஒன்றுதான். மிச்சக் குளோரீன் எங்கே போனது?

இதற்கு விடை கண்டவர் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் இருந்த அல்பிரட் வேர்னர். 1893ஆம் ஆண்டு அவர் தம் கருத்தை வெளியிட்டபோது வயது 26. கோபாற்றைச் சுற்றி எப்போதும் ஆறு இடங்கள் உண்டு என்றார் அவர். அந்த ஆறையும் அமோனியா நிரப்பினால் மூன்று குளோரைட்டும் வெளியே தனியாக நிற்கும். ஆகவே மூன்றும் வீழ்படிவாகும். அமோனியா ஐந்துதான் என்றால் ஆறாவது இடத்தில் ஒரு குளோரைட்டு உள்ளே போய் உட்காரும். வெளியே இரண்டு மிஞ்சும். அமோனியா நான்கு என்றால் இரண்டு உள்ளே, ஒன்று வெளியே. நாம் பரீட்சையில் சதுர அடைப்புக்குறி போட்டு எழுதுகிறோமே, அதன் பொருள் இதுதான். அடைப்புக்குள் இருப்பவர் உலோகத்தை அணைத்துக்கொண்டவர். வெளியே இருப்பவர் வெறுமனே கூட வந்தவர்.

அந்த ஆறு இடங்களும் எப்படி அமைந்திருக்கின்றன? இதைக் கண்ணால் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு தேசிக்காயும் ஆறு ஈர்க்கும் போதும். மேல், கீழ், முன், பின், இடம், வலம் என்று ஈர்க்குகளைக் குத்துங்கள். அதுதான் எண்முகி. இப்போது இரண்டு ஈர்க்குகளின் நுனியில் மட்டும் நூல் கட்டுங்கள். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நேரெதிரே இருக்கலாம், அல்லது பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். எப்படித் திருப்பினாலும் மூன்றாவது விதம் கிடையாது. ஆறு இடங்களும் ஒரு தட்டில் அறுகோணமாக இருந்திருந்தால் மூன்று விதம் வந்திருக்கும். நான்கு அமோனியாவும் இரண்டு குளோரைட்டும் உள்ளே இருக்கும் சேர்வையில் ஒன்று பச்சை, இன்னொன்று ஊதா. இரண்டே சமபகுதியங்கள். எண்ணிப் பார்த்தே வடிவத்தைக் கண்டுபிடித்தார் வேர்னர்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர்கள் இன்னும் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் கோப்பன்ஹேகன் நகரின் யோர்கன்சன். அமோனியாக்கள் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்குகின்றன என்று நம்பி வேர்னருடன் பல வருடங்கள் வாதாடியவர். வேர்னர் பயன்படுத்திய சேர்வைகள் பலவற்றை முதலில் கவனமாகத் தயாரித்தவரும் அவரே. 1907இல் வேர்னர் அந்த ஊதாச் சேர்வையைத் தயாரித்துக் காட்டியதும், தம் கருத்து பிழை என்று அவர் ஏற்றுக்கொண்டார். மற்றவர் எடித் ஹம்பிரி என்ற ஆங்கிலப் பெண். தம் நாட்டில் பெண்களுக்குக் கதவுகள் அதிகம் திறவாத காலத்தில் சூரிச்சுக்குப் போய், வேர்னரின் ஆய்வுகூடத்தில் கோபாற்றுச் சேர்வைகளை ஆராய்ந்து 1901இல் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1913இல் வேர்னருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசுக்குப் பின்னால் இப்படிப்பட்ட மாணவர்களின் உழைப்பும் இருந்தது. இரசாயனம் பெண்பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்று யாராவது சொன்னால் ஹம்பிரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் பட்டியலின் நிறங்களுக்கு வருகிறேன். உலோகத்தை அணைத்திருப்பவர் மாறும்போது, உலோகத்தின் டி இலத்திரன்களுக்கு இடையிலான சக்தி இடைவெளி மாறுகிறது. அந்த இடைவெளிக்கு ஏற்ற ஒளியை அது உறிஞ்சிக்கொள்கிறது. மிஞ்சிய ஒளிதான் நம் கண்ணுக்கு நிறமாகத் தெரிகிறது. எங்கள் டீச்சர் ஒருநாள் ஆய்வுகூடத்தில் எங்கள் கையாலேயே இதைச் செய்யவிட்டார். செப்புச் சல்பேற்றுக் கரைசலில் அமோனியாவைத் துளித்துளியாக விட்டோம். முதலில் இளநீல வீழ்படிவு வந்தது. மேலும் விட்டபோது அது கரைந்து, மாலை நேரத்து வெள்ளவத்தைக் கடலைவிடக் கடுமையான நீலமாக மாறியது. நீர் விலகி அமோனியா அந்த இடத்துக்கு வந்ததை அன்று கண்டேன். அந்த நிறத்தை அதன்பின் நான் பாடமாக்கவில்லை. மறக்கவும் இல்லை.

இது பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைக்கும் பெற்றோருக்கு இப்போது எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். கொஞ்ச நாளாகப் படியேறினாலே எனக்கு மூச்சு வாங்கியது. குருதியைச் சோதித்தபோது ஈமோகுளோபின் 10.4 என்று வந்தது. என் வயதுப் பெண்பிள்ளைக்கு அது 12க்குக் குறையக்கூடாது. வைத்தியர் இரும்புச்சத்துக் குளிசை தந்தார். உம்மா ஒருநாளும் தவறவிடவில்லை. காலைச் சாப்பாடு முடிந்ததும் ஒரு கையில் குளிசை, மறு கையில் சூடான பிளேன்டீ. இரண்டு மாதமாகியும் எண் அசையவில்லை.

இணையிகளைப் பற்றிப் படித்த அன்றுதான் எனக்குப் பொறி தட்டியது. தேயிலையில் இருக்கும் தனின் போன்ற பொருட்களில் ஒட்சிசன் அணுக்கள் அருகருகே இருக்கின்றன. அவற்றிடம் தனிச்சோடி இலத்திரன்கள் உண்டு. இரும்பு அயனைக் கண்டால் அவை பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்ட இரும்பைக் குடலால் எளிதில் உறிஞ்ச முடியாது. குசினியில் வைத்து உம்மாவுக்குச் செய்தே காட்டினேன். ஒரு குளிசையைப் பொடியாக்கிப் பிளேன்டீயில் போட்டுக் கலக்கினேன். தேநீர் சிறிது நேரத்தில் மைபோலக் கறுத்துப்போனது. அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை செய்தார்களே, அதே விஷயம்தான். உம்மா கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இதையா மகள் நான் உனக்கு இவ்வளவு நாளும் குடிக்கத் தந்தேன்?" என்றார். அவர் குரல் கம்மியிருந்தது. நான்தான் ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. வைத்தியரிடம் சொன்னபோது, தேநீருக்கும் குளிசைக்கும் இடையில் குறைந்தது ஒரு மணித்தியாலமாவது இருக்கட்டும் என்றார். உணவோடு தேசிக்காய்ச் சாறு சேர்ப்பது நல்லது என்றும் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ், இப்போது எண் 12ஐத் தாண்டிவிட்டது. சோறு தின்ற கையோடு தேநீர் குடிக்கும் வழக்கம் நம் வீடுகளில் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரும்பு குறைந்தால் ஒரு துன்பம். கூடினால் அதைவிடப் பெரிய துன்பம். தலசீமியா நோயுள்ள பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுவதும் குருதி ஏற்ற வேண்டியிருக்கிறது. ஏற்றும் ஒவ்வொரு பை குருதியிலும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உடம்புக்குள் வருகிறது. நம் உடம்போ நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமைத்தான் வெளியேற்றும். மிச்சம் ஈரலிலும் இதயத்திலும் தேங்கி அவற்றைப் பழுதாக்கும். குருநாகலில் இதற்கென்றே சிகிச்சை நிலையம் இருக்கிறது. அங்கு போய்வரும் குடும்பங்களில் எல்லாச் சமூகத்தவரும் இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதும் இணையிகள்தான். தெஸ்பெரியொக்சமீன் என்ற மருந்து, மண்ணில் வாழும் ஒரு பக்ரீரியா இரும்பைப் பிடிப்பதற்காகத் தானே ஆக்கிக்கொள்ளும் பொருளிலிருந்து வந்தது. அதன் ஒரு மூலக்கூறு தன் ஆறு ஒட்சிசன்களால் ஓர் இரும்பு அயனைச் சுற்றிப் பிடிக்கிறது. ஆனால் அதைச் சிறிய பம்பு மூலம் தோலுக்கடியில் இரவெல்லாம் ஏற்ற வேண்டும். பின்னர் வாயால் விழுங்கும் மருந்துகள் வந்தன. தெபெராசிரொக்ஸ் மூன்று இடங்களால் பிடிப்பது. ஆகவே ஓர் இரும்புக்கு இரண்டு மூலக்கூறுகள் வேண்டும். தெபெரிப்ரோன் இரண்டு இடங்களால் பிடிப்பது. ஆகவே மூன்று மூலக்கூறுகள் வேண்டும். ஆறு தடவை ஒன்று, மூன்று தடவை இரண்டு, இரண்டு தடவை மூன்று என்று எப்படிப் பெருக்கினாலும் ஆறுதான் வருகிறது. வேர்னர் கோபாற்றில் கண்ட அதே ஆறு, ஒரு பிள்ளையின் இதயத்தைக் காக்கிறது. இதை விளங்கிய அன்று இரவு எனக்கு வெகுநேரம் நித்திரை வரவில்லை. அலுமாரிக் கதவில் இருந்த பட்டியலைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

பெற்றோருக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. தாயும் தந்தையும் இருவருமே இந்நோயைக் காவுபவர்களாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. காவுபவர் வெளியில் சுகமாகவே இருப்பார். குருதியைச் சோதித்தால்தான் தெரியும். சொந்தத்துக்குள் சம்பந்தம் பேசும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. பேசுமுன் இருவரின் குருதியையும் சோதித்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் கருத்துக்கு மறுப்பும் இருக்கிறது. "இவ்வளவையும் விளங்கிக்கொண்டிருக்க நேரம் எங்கே? பரீட்சையில் இரண்டு மணித்தியாலத்தில் ஐம்பது பல்தேர்வு வினாக்கள். நிறம் மனதில் இல்லாவிட்டால் விடை எழுத முடியுமா?" என்று என் தோழியே கேட்டாள். நியாயமான கேள்வி. பாடமாக்குவதை நான் இழிவாகச் சொல்லவில்லை. குர்ஆனை மனனம் செய்த தோழிகள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அந்த உழைப்பின் அருமை நமக்குத் தெரியும். இரசாயனத்திலும் சிலவற்றை மனதில் இருத்தத்தான் வேண்டும். வரிசைதான் முக்கியம். முதலில் விளங்க வேண்டும், பிறகு பாடமாக்க வேண்டும். விளங்கியதைப் பாடமாக்க ஒரு நாள் போதும். விளங்காததைப் பாடமாக்க ஒரு வருடமும் எனக்குப் போதவில்லை.

ஆகவே என் சகோதரிகளே, வகுப்பில் "ஏன்?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். ஒருவர் பதில் தராவிட்டால் இன்னொருவரிடம் கேளுங்கள். எனக்கு விடை தந்தவை ஒரு டீச்சரின் பொறுமையும் ஒரு தோழியின் புத்தகமும்தான். பெற்றோரே, மகள் எத்தனை பக்கம் பாடமாக்கினாள் என்று கேட்பதோடு, இன்று என்ன விளங்கியது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். குசினியில் அவள் எதையாவது கலக்கிப் பார்த்தால் கோபிக்காதீர்கள். இன்னொரு வகுப்புக்குக் காசு கட்டுமுன், பாடசாலை ஆய்வுகூடத்தில் பிள்ளைகள் செய்முறை செய்கிறார்களா என்று விசாரியுங்கள். அதற்குத் தேவையான சோதனைக்குழாய்களும் இரசாயனங்களும் ஒரு மாத ரியூசன் காசைவிட அதிகம் செலவு வைக்காது.

அடுத்த தவணையில் எனக்கு 68 கிடைத்தது. பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் கலைப்பிரிவுப் பேச்சு அத்தோடு நின்றுபோனது. பட்டியல் இன்னும் அலுமாரிக் கதவில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் பக்கத்தில், நடுவில் யார், சுற்றி நிற்பவர் யார் என்று சிறு படம் வரைந்திருக்கிறேன். உம்மும்மாவுக்கும் தேசிக்காயில் ஈர்க்குக் குத்திக் காட்டிவிட்டேன். எங்கள் வீட்டில் இப்போது சாப்பிட்டவுடன் யாராவது பிளேன்டீ கேட்டால், "கொஞ்சம் பொறுங்கோ, இரும்பு உள்ளே போகட்டும்" என்று சொல்பவர் அவர்தான்.